கொத்தளப்பாறையில் மாப்பிள்ளை வீடு

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் பாக்கியமேரி ஆரணியில் பஸ் ஏறினாள்.

மகள் ஜாக்குலின் வேலூரில் நர்ஸ். கூட வேலை செய்யும் ராபர்ட்டைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையனிடம் குறையில்லை, வீடுதான் குறை. வேலூருக்கு வெளியே மலையுச்சியில், பழைய கோட்டைச் சுவருக்குள் இருக்கிறது அவன் ஊர், கொத்தளப்பாறை. ரோடு கிடையாது. படிகள்தான்.

பாக்கியமேரி பட்டுத்தறிக்கு இழை பிணைக்கிறவள். நெடுக்கு நூலான பாவு தீர்ந்த தறியில், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய முனையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். அவள் ஊரான முள்ளிப்பட்டில் வீடு வீடாகக் கூப்பிடுவார்கள். புருஷன் போன பிறகு அந்த விரல்களை நம்பித்தான் மகளைப் படிக்க வைத்தாள். குனிந்தே பழகியவளுக்கு மொட்டைமாடியில் நின்றாலே தலை சுற்றும்.

"பிரசவ வலி வந்தா என் பொண்ணு இன்னா பண்ணுவா?" என்று தம்பி தாவீதிடம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அத்த அங்க போயி கேளுக்கா. என்னிய இன்னாத்துக்கு பேஜார் பண்றே?"

பாதி மலையில் பின்னாலிருந்து கூச்சல் கேட்டது. நாலு பேர் மூங்கிலில் எதையோ கட்டித் தூக்கி வந்தார்கள். சாவு என்று நினைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினாள். கிட்டே வந்ததும் பார்த்தால், புது பிரிட்ஜ்.

மேலே கோட்டை வாசல், யானை நிமிர்ந்து நுழையும் உயரம். வாசல் தாண்டியதும் பாறையைக் குடைந்து வெட்டிய சுனை. கோடை வெயிலிலும் விளிம்பு தொட்டுத் தண்ணீர் கிடந்தது.

"யாரு வெட்டனது?" என்றாள் தன்னை மறந்து.

"எந்த ராஜான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நாங்க பாத்து வத்தனதில்லீங்க," என்றாள் அழைத்துப்போக வந்திருந்த ராபர்ட்டின் அம்மா.

கோட்டைச் சுவரையே பின்சுவராக வைத்துக் கட்டிய வீடுகள். சுவரின் இடிந்த இடத்தில் நின்று பாக்கியமேரி கீழே பார்த்தாள். அத்தனை பெரிய வேலூர் தரையில் விரித்த சேலைபோலக் கிடந்தது. பாலாற்று மணல் அதன் ஓரத்தில் மின்னியது. தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

டீ வந்தது. வந்த விஷயத்தைச் சொல்ல அவள் வாயெடுத்தபோது பக்கத்து வீட்டில் அலறல். நிறைமாத ரேணுகாதேவிக்கு இன்னும் நாள் இருந்தும் வலி வந்துவிட்டது.

யாரோ விசிலடித்தார்கள். வீட்டுக்கு வீடு ஆட்கள் இறங்கி வந்தார்கள். மூங்கில் கட்டிய நாற்காலி வந்தது. ராபர்ட் போனில் ஆம்புலன்ஸ் சொல்லிக்கொண்டே அவளை உட்கார வைத்தான். வலியில் ரேணுகாதேவி கைக்கு அகப்பட்டதைப் பற்றினாள். அது, அலறல் கேட்டு ஓடி வந்திருந்த பாக்கியமேரியின் கை.

"நீங்களும் வாங்க ஆன்ட்டி, வுட்டுடாதீங்க!" என்றான் ராபர்ட்.

நடந்தாள். தூக்கியவர்கள் களைத்ததும் அடுத்தவர்கள் தோள் கொடுத்தார்கள். நாற்காலி ஒரு நொடி நிற்கவில்லை, ஒரு பக்கம் சாயவில்லை. பெண்கள் முன்னால் ஓடி ஆடுகளைத் துரத்தினார்கள், படியில் கிடந்த கற்களை ஒதுக்கினார்கள். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் கதவு திறந்து நின்றது. வண்டி ராபர்ட்டோடு போன பிறகுதான், அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறோம் என்பதே பாக்கியமேரிக்கு உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"ஊரே வந்துச்சே!" என்றாள்.

"நாங்க எல்லாரும் இப்பிடித்தான் எறங்கினோம்," என்றாள் ராபர்ட்டின் அம்மா. "என் புள்ளதான் ஜல்தி. பாதிப் படியிலயே பொறந்துட்டான்."

பாக்கியமேரிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்ற தாவீதை விட்டுவிட்டு, திரும்பப் படியேறினாள். பெண் குழந்தை என்ற செய்தி அவளுக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்திருந்தது. கீழே நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. இத்தனை வயதுக்கு இப்படியொன்றை அவள் பார்த்ததில்லை. சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. இப்போது மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய் வருகிறாள். முள்ளிப்பட்டில் தறிமேல் குனிந்திருக்கும்போது, சில நாள் விரலை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்பாள்:

"வெறுங்கையோட நான் ஏறவே நாக்கு தள்ளுது. கோட்டைக்கு அவ்ளோ பெரிய கல்லுங்கள மேல ஏத்தினவங்க, இன்னா சாப்ட்டிருப்பாங்கன்றே?"