கௌஸ் பாய் அடித்த பலகைச் சுவர்

சிலிபின் வட்டாரத்தில் குல்ஜார் பேகத்தின் பிரியாணியைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் கணவர் முகம்மது கௌஸ் வீச்சுப் பரோட்டா மாதிரி போடும் ரொட்டி சானாயும் அப்படித்தான். ஒரே கூரைக்குக் கீழே நடுவில் ஒரு பலகைச் சுவர்; இந்தப் பக்கம் அவள் கம்பெனி, அந்தப் பக்கம் அவர் கம்பெனி. ரொட்டிக்கு அவளுடைய கோழிக்கறி கேட்டால் இரண்டு பில் வரும்.

எல்லாம் வரிக்குப் பயந்துதான். ஒரு கம்பெனியின் லாபம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மொத்தத்துக்கும் பெரிய வரி என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, கௌஸ் பாய் மறுநாளே கடையை இரண்டாக்கச் சுத்தியலைத் தூக்கிவிட்டார். கணக்குப் பார்க்கும் துளசியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுஷன் கேட்டால்தானே!

இப்போது பக்கத்து ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை, தன் கேண்டீனை நடத்த இவர்களைக் கூப்பிட்டது. ஒரே கம்பெனி, ஒரே பெரிய சமையலறை வேண்டுமாம். குல்ஜாருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாய் கையை வீசி மறுத்தார்.

"வேணாம்லா குல்ஜார். சேர்ந்தா சம்பாதிக்கிறதெல்லாம் டாக்ஸுக்கே போயிரும்."

"துளசிகிட்ட கேட்டுட்டு அப்புறம் பயப்படுங்க மச்சான்," என்று அவரைக் காரில் ஏற்றினாள்.

துளசி சிரித்தே விட்டாள். "மொத்தத்துக்கும் இல்ல பாய். வரம்புக்கு மேல வர்றதுக்கு மட்டும்தான் பெரிய டாக்ஸ். பிரிஞ்சிருந்தா கொஞ்சம் மிச்சம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கேண்டீன் லாபத்துக்கு முன்னால அது தூசு."

குல்ஜாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பிரிஞ்சு நின்னா சலுகை, சேர்ந்து வளர்ந்தா கூடுதல் டாக்ஸா? இத மாத்த மாட்டாங்களா?"

"அதான்க்கா கணக்கு பாக்குற நாங்களும் கவர்மெண்டுகிட்ட கேக்குறோம். ஒரு குடும்பத்து கம்பெனிங்கள ஒன்னா சேத்துப் பாத்து, ஆள் எடுத்து வளர்றவங்களுக்கு டாக்ஸ்ல கழிவும் குடுத்தா, எவன் பலகை அடிப்பான்?"

பாய் தலையைச் சொறிந்துகொண்டே கேண்டீனுக்குச் சரி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட வந்தவர்களே கைகொடுக்க, சுவரைப் பிரித்தார்கள். தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் அவரவர் அடுப்புக்குப் போனார்கள். வீட்டில் தினமும் பார்க்கிற மனுஷன்தான். ஆனாலும் அவர் மாவை வீசி விரிப்பதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தபோது, குல்ஜாருக்குப் புதுப்பெண் போல வெட்கமும் சந்தோஷமும் பொங்கின. பாயும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"மச்சான், ரொட்டி கருகுது!"

கடையே சிரித்தது.

"கருகட்டும்லா," என்றார் கௌஸ் பாய்.