பாலத்தின் மேல் இரண்டு நொடி

நான் வேலை பார்க்கும் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அதன் மேல் இரண்டு டர்போக்களை அக்கா அருகருகே வைத்திருந்தாள். ஒன்று கையளவு, நத்தை ஓட்டை இரும்பில் வார்த்தது போலிருந்தது. மற்றதும் அதே வடிவம்தான், ஆனால் தூக்க இரண்டு கை வேண்டும். இரண்டின் வாய்க்குள்ளும் இதழ் இதழாக ஒரு அலுமினியச் சக்கரம் தெரிந்தது. அக்கா சின்னதின் சக்கரத்தை ஆள்காட்டி விரலால் தட்டினாள். சட்டென்று கிளம்பிச் சட்டென்று நின்றது. பெரியதைத் தட்டினாள். அது சோம்பலாகப் புறப்பட்டது. புறப்பட்ட பிறகு நிற்க மனமில்லாமல் சுற்றியது. "ரெண்டுக்கும் குணமே வேற, பாத்தியா?" என்றாள். சில ஆண்டுகளுக்கு முன், மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவே, பாம்பன் தீவிலுள்ள அக்காள்மடத்தில் அக்காவின் வீட்டில் நடந்தது இது. அந்த இரண்டு இரும்புத் துண்டுகளில் எதை எடுப்பது என்பதற்கு ஒரு வீடே மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். முப்பத்தைந்து வயதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியவளில்லை. உடன் வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனபோது, யாரோ பொழுதுபோக்காக அங்குள்ள கார் பந்தயத் தடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்தாள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரை வாங்கினாள். பழைய வண்டி, பெட்ரோல் என்ஜின், தொழிற்சாலையிலேயே டர்போ வைத்து வந்தது. பார்க்கச் சந்தைக்குப் போகும் வண்டி போல இருக்கும். மிதித்தால் முதுகு இருக்கையில் அறையும். கோவையில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நேரப் போட்டியில், தடத்தை ஒரு நிமிடம் இருபத்து நான்கு நொடிக்குள் சுற்றி வருபவர்களுக்கு மட்டுமே இறுதிச் சுற்றில் இடம். முந்தைய ஆண்டு அக்கா எடுத்தது ஒரு நிமிடம் இருபத்தைந்து புள்ளி எட்டு. வரும் போட்டிக்கு அடுத்த ஆண்டிலிருந்து அவள் வண்டியின் வயதுள்ளவற்றை அந்தப் பிரிவில் சேர்க்கப்போவதில்லை என்று அறிவிப்பு வந்திருந்தது. ஆக, அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. குறைக்க வேண்டியது ஏறத்தாழ இரண்டு நொடி.

டர்போ என்பது என்ன என்று நான் கேட்டபோது அவள் சொன்ன விளக்கத்தை என் குறிப்பேட்டில் இன்னும் வைத்திருக்கிறேன். என்ஜின் வெளியே துப்பும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், வேகம் வரும். "அது விட்ட மூச்ச வச்சே அதுக்கு மூச்சு குடுக்குறது" என்றாள். வண்டியோடு வந்த டர்போ அதன் எல்லையைத் தொட்டுவிட்டது. கோவை வியாபாரி ஒருவர் இரண்டு அளவுகளை அனுப்பி, பொருத்தாததைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்.

மச்சானுக்கு இதில் சந்தேகமே இல்லை. அக்காவின் கணவரான அவர் பாம்பனில் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். தடைக்காலம் மீனவர்களுக்கு ஓய்வு. அவருக்கோ மூச்சுவிட நேரமில்லாத காலம். எல்லாப் படகும் கரையேறி நிற்கும், எல்லா என்ஜினும் பிரிந்து கிடக்கும். அந்த நெருக்கடியிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை ஒதுக்கி, பெரிய டர்போவை வண்டியில் பொருத்துவதற்கான இணைப்புத் தகட்டைத் தன் கையாலேயே அறுத்து, பற்றவைத்து, ராவி வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. "மடிவலைய இழுக்குறப்ப சின்ன டர்போ வச்ச போட்டு திணறும் மாப்ளே. பெருசு போட்டது அசராது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை, படகைப் பொறுத்தவரை.

அக்கா யாருடைய சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்கிறவள் அல்ல. ஒவ்வொரு டர்போவுக்கும் தயாரிப்பாளர் தரும் வரைபடம் ஒன்று உண்டு. கீழே காற்றின் அளவு, பக்கவாட்டில் அழுத்தம், நடுவே ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டக் கோடுகள். உள்வட்டத்தில் வேலை செய்தால் டர்போ சுகமாக இருக்கிறது என்று பொருள். வெளிவிளிம்புக்குப் போனால் திணறுகிறது. மச்சான் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடலோட ஆழக்கோடு மாதிரில்ல இருக்கு" என்றார். அக்கா இரண்டு வரைபடங்களையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். தன் வண்டி எந்த வட்டத்தில் ஓடுகிறது என்று அறிய அளவுகள் வேண்டும். ஓட்டிக்கொண்டே எழுத முடியாது. அந்த வேலை என்னிடம் வந்தது.

சனிக்கிழமை மாலைகளில் ராமநாதபுரத்தில் என்னை ஏற்றிக்கொள்வாள். உச்சிப்புளி, மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் வழியாக அக்காள்மடம் வருவோம். மறுநாள் காலை, சுற்றுலா வண்டிகள் வருவதற்கு முன் தனுஷ்கோடிச் சாலை. மடியில் குறிப்பேடு, டேஷ்போர்டில் ஒட்டிய சின்னத் திரையில் என்ஜின் சுழற்சியும் காற்றழுத்தமும். அவள் இரண்டாம் கியரில் நாற்பதில் ஆரம்பித்து எண்பதுவரை மிதிப்பாள், அதைத் தாண்டமாட்டாள். நான் எண்களை எழுதுவேன். சாலை முடியும் அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் இரு பக்கமும் ஓட்டிச் சராசரி எடுத்தாள். சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் வண்டியை நிறுத்தி, காற்று வடிகட்டியைத் திறந்து துணியால் துடைத்தாள். பள்ளி நாட்களில் நானறிந்த அவசரக்காரி அக்கா இல்லை அவள். ஆய்வுக்கூடம் அவளை மாற்றியிருந்தது. அல்லது அந்த வண்டி.

மூன்றாம் வாரம் குறிப்புகளை நகலெடுத்துக் கொடுத்தேன். செய்தி எழுதும் பழக்கத்தில், தேவையற்றது என்று எனக்குப் பட்டதை வெட்டியிருந்தேன். முக்கியமாகப் பாம்பன் பாலம். அங்கே வருகிற ஒவ்வொரு வெளியூர் வேனும் பக்கத்து ரயில் பாலத்தைப் பார்க்க நடுவழியில் நிற்கும். பின்னால் வருபவன் நின்று, ஊர்ந்து, மறுபடி நிற்க வேண்டும். அது வண்டியின் இயல்பான ஓட்டம் இல்லை என்று முடிவு செய்து, அந்தப் பக்கங்கள் முழுவதையும் அடித்துவிட்டேன். மீதி எண்களை அக்கா சுவரிலிருந்த வரைபடங்களில் சிவப்புப் பேனாவால் புள்ளியிட்டாள். சின்னதில் புள்ளிகள் வலது விளிம்பில் தொங்கின. பெரியதில் நட்டநடு வட்டத்தில் விழுந்தன. மச்சான் ஸ்பானரை எடுத்தார். அன்றைக்கே பெரியது ஏறியது. கோவையில் ஒருவர் என்ஜின் கணினிக்கான புதிய நிரல் கோப்பு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார். அடுத்த ஞாயிறு தனுஷ்கோடிச் சாலையில் வண்டி இதுவரை காட்டாத எண்களைக் காட்டியது. அன்று மத்தியானம் மச்சான் வஞ்சிரம் வாங்கி வந்தார்.

போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மாலை பாலத்தின் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டோம். எங்களுக்கு முன்னால் நின்ற வேனிலிருந்து ஒரு குடும்பமே இறங்கிக் கைப்பிடிச் சுவரோரம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஏறிப் புறப்பட்டதும் அக்கா மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. என்ஜின் சத்தம் மட்டும் ஏறியது. பிறகு யாரோ பின்னால் இருந்து உதைத்தது போல வண்டி பாய்ந்தது. அதற்குள் அடுத்த வேன் நின்றுவிட, அவள் பிரேக் போட வேண்டியிருந்தது. இதே ஐந்து முறை நடந்தது. ஆறாவது முறை, "எண்ணு" என்றாள். மிதித்த கணத்திலிருந்து பாய்ச்சல் வரும்வரை எண்ணினேன். இரண்டு நொடி. பாலம் இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி, "பாலத்துல எடுத்த பழைய கணக்கு எங்கடா?" என்று கேட்டாள்.

அடித்த பக்கங்களைக் காட்டினேன். கோடுகளுக்கு அடியில் எண்கள் தெரிந்தன: இரண்டாயிரத்துக்கு இறங்கி, ஐயாயிரத்துக்கு ஏறி, மறுபடி இறங்கி. கைப்பேசியில் முந்தைய ஆண்டுப் போட்டியின்போது டேஷ்போர்டைப் பிடித்த காணொளியை ஓடவிட்டாள். தடத்தில் ஒன்பது வளைவு. ஒவ்வொன்றிலும் என்ஜின் சுழற்சி முள் இறங்கியது, ஏறியது. என் குறிப்பேட்டில் நான் அடித்த பக்கமும் அந்தத் தடமும் ஒரே கைரேகை.

"நீ வெட்டுன எடத்துலதான்டா எல்லாமே இருக்கு" என்றாள். கோபம் இல்லை; நுண்ணோக்கியில் ஒன்றைக் கண்டுபிடித்த குரல்.

எங்கள் மூவருக்கும் ஏன் இது தோன்றவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் மலை இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. சாலை என்றால் பனைகளுக்கு நடுவே நேராகப் போவது. ஒருமுறை மிதித்தால் காலை எடுக்க வேண்டிய அவசியம் அடுத்த ஊர்வரை வராது. கடலில் அதைவிட. மடிவலையை இறக்கிவிட்டால் என்ஜின் மணிக்கணக்கில் ஒரே சுழற்சியில் ஓடும். பெரிய சக்கரம் ஒருமுறை வேகமெடுத்தால் போதும். நேர்க்கோட்டில் வாழ்கிறவர்கள் நேர்க்கோட்டுக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தோம். சுவரில் ஒட்டிய வரைபடமும் உதவவில்லை. அதில் காற்று இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது; எத்தனை நொடியில் அங்கே போய்ச் சேரும் என்பது இல்லை. ஒரு வளைவுக்கு அரை நொடி போனாலும் ஒன்பது வளைவில் நாலரை நொடி. அக்காவிடம் இருந்ததோ குறைக்க வேண்டிய இரண்டு.

சின்னது இன்னும் திருப்பி அனுப்பப்படாமல் பீரோவுக்கு மேல் இருந்தது. சிக்கல் அதுவல்ல. மூன்று ஞாயிறுகளின் உழைப்பைக் கழற்றுங்கள் என்று மச்சானிடம் எப்படிச் சொல்வது? "நான் சொல்லவா?" என்று கேட்டேன். "நீ வாயத் தொறக்காத" என்றாள். மறுநாள் பாம்பன் கரைக்குப் போனோம். மச்சான் ஒரு படகின் அடியில், சுக்கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அக்கா வண்டிச் சாவியை நீட்டி, "மண்டபம் வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வண்டில ஏதோ சத்தம் கேக்குது" என்றாள். அன்று ஞாயிறு மாலை; பாலத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். இறங்கியதும் என்ஜின் மூடியின் மேல் கையை வைத்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை.

"சத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஓ."

"போட்டுக்கு ஒரே ஓட்டம். ஒனக்கு நிக்குறதும் போறதுமால்ல இருக்கு." சாவியைத் திருப்பி நீட்டி, "மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல புள்ள" என்றார்.

"சொன்னா கேட்டிருப்பீங்களாக்கும்?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். என் குறிப்பேட்டில் அடித்திருந்த பக்கங்களை அக்கா அவரிடம் காட்டினாள். பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே மாப்ளே, பாலத்தையே அடிச்சிட்டு மிச்சத்த எழுதிக் குடுத்திருக்க. பேப்பர்லயும் இப்புடித்தான் எழுதுறியா?" கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எதையாவது வெட்டும்போது ஒரு கணம் கை நிற்கிறது. சிரிப்பதற்கு மட்டும் சொன்னதாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சின்ன டர்போவுக்கு வேறு இணைப்புத் தகடு தேவைப்பட்டது. அதையும் அவரே அறுத்தார், விடியற்காலைகளில், படகு வேலைக்குப் போவதற்கு முன். தனுஷ்கோடிச் சாலையில் இப்போது வண்டி பெரியதன் எண்களைத் தொடவில்லை. அக்கா அந்தச் சாலைக்குப் போவதையே விட்டுவிட்டாள். அதற்குப் பதில், கூட்டம் அதிகமான நேரமாகப் பார்த்துப் பாலத்தில் போய்ப் போய் வந்தாள். நடுப்பாலத்தில் நிற்கும் வெளியூர்க்காரர்களைத் திட்டாமல் அவர்களுக்காகக் காத்திருந்த ஒரே உள்ளூர்க்காரி அவளாகத்தான் இருப்பாள்.

இப்போது அந்த வண்டிக்குப் போட்டியில் இடமில்லை. அக்கா அதில்தான் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறாள். பின் இருக்கையில் மதியச் சாப்பாட்டுக் கூடை. வேறு வண்டி வாங்கலாமே என்று கேட்டால், முதலில் தனக்கு என்ன தெரியவில்லை என்று தெரிய வேண்டும், அதற்குப் பிறகு வாங்கலாம் என்கிறாள்.

போட்டி நாளன்று மச்சான் வரவில்லை. தடைக்காலம் முடிந்து, அவர் பழுதுபார்த்த படகொன்றுக்கு அன்று வெள்ளோட்டம். என்ஜினைப் பிரித்தவர் உடன் போவது பாம்பனில் வழக்கம். நானும் அக்காவும் மட்டும் போயிருந்தோம். முதல் சுற்றில் ஒரு நிமிடம் இருபத்து நான்கு புள்ளி ஒன்று. நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். இரண்டாவதும் கடைசியுமான சுற்றில், வேலிக்கு அருகில் இருந்த மிகக் குறுகிய வளைவில் அவள் காலை எடுத்து மறுபடி மிதித்ததைக் காதால் கேட்டேன். இடைவெளியே இல்லை. பலகையில் எண் வந்ததும் மச்சானை அழைத்தேன். கரைக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள் போலும், மணி அடித்தது. எடுத்ததும் என்ஜின் இரைச்சல்தான் முதலில் வந்தது.

"எவ்ளோ மாப்ளே?" என்று கத்தினார்.

"இருபத்து மூணு புள்ளி ஏழு!"

பிறகு அவர் யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது: "இருபத்து மூணு புள்ளி ஏழாம்லே!" இன்னொரு குரல், "டன்னா? யாரு போட்டுடா?" என்று வியந்தது.

"டன்னு இல்லடா மடையா, நொடி! எங்க வீட்டுக்காரி ஓட்டுனது!"

"நொடில என்னத்தப் புடிச்சாங்க?" என்றது அந்தக் குரல்.

மச்சான் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினார். புகை, சக்கரம், வளைவு, பாலம் என்று அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். அழைப்பைத் துண்டிக்க மறந்திருந்தார். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி அக்கா வந்து என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள். இறுதிச் சுற்றுக்கு அவள் பெயரைக் கூப்பிடும்வரை, வண்டியில் சாய்ந்து நின்று, கடலில் தன் டர்போவைப் பற்றி நடக்கும் அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.