திராட்சை ஊரில் ஒரு ஞாயிறு பூசை

சுதந்திரம் வந்த மறுவருஷம், மாசி மாதம். தூத்துக்குடியிலிருந்து பேதிமருந்துக்காகக் கப்பலேறும் நிலாவரை இலைக் கம்பெனி ஒன்றில் என் கணவர் மானேஜராக இருந்தார். ஆஸ்திரேலிய வியாபாரிகளைப் பார்த்துவர அவரை அனுப்பினார்கள். நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கிளம்பிவிட்டேன். எதையும் நேரில் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கொழும்பு போய்ப் பெரிய கப்பல் பிடித்தோம். சிட்னியில் பாலத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மெல்போர்னில் டிராமில் ஏறிவிட்டு, எங்கே இறங்குவதென்று தெரியாமல் ஊரையே சுற்றினோம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாராயக்கடையை மூடிவிடுவார்களாம். அதற்குள் குடித்து முடிக்கக் கோட்டுப் போட்ட கனவான்கள் முண்டியடிப்பதைப் பார்க்க வேண்டுமே! சேலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று பெண்கள் கேட்பார்கள். நானும் சும்மா விடுவேனா, அவர்கள் தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

ஆனால் எந்த ஊரில் இறங்கினாலும் நான் முதலில் விசாரித்தது கத்தோலிக்கக் கோயிலைத்தான். யுத்தத்தின்போது கப்பல் வேலைக்குப் போன என் தம்பி திரும்பவில்லை. செத்துவிட்டான் என்றும் யாரும் சொல்லவில்லை. அவன் வரும்வரை ஒரு ஞாயிறும் தவறாமல் பூசை கண்டு நன்மை வாங்குவேன், சாமியார் கையால் அந்த அப்பத்தை நாவில் வாங்குவேன் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன். கப்பலில்கூட ஒரு சாமியார் இருந்து என் நேர்ச்சையைக் காப்பாற்றினார்.

அடிலெய்டில் ஒரு மருந்து வியாபாரி, தன் மைத்துனரின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துவரச் சொல்லி சனிக்கிழமை எங்களை அனுப்பினார். அது அறுப்புக் காலம். மேட்டிலும் பள்ளத்திலும் திராட்சை, கிட்டங்கி நிறையப் பீப்பாய்கள். எங்களைப் பொறுத்தவரை திராட்சை ரசம் என்றால் பூசையில் சாமியார் மட்டும் குடிப்பது. இவர்கள் அதைச் சாப்பாட்டோடு தண்ணீர் மாதிரிக் குடித்தார்கள். எப்படித்தான் இருக்கிறது என்று நானும் ஒரு வாய் குடித்தேன். புளிப்புத் தாங்காமல் முகத்தைச் சுளித்தேன், எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கோயில் எங்கே என்று கேட்டோம். தோட்டத்துக்கு அப்பால் கூரான கோபுரம் ஒன்றைக் காட்டினார்கள். உச்சியில் சிலுவை.

"ஏளா, நம்ம கோயிலேதான். வெரசா நட" என்றார் கணவர்.

நன்மை வாங்குபவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அந்நாளைய சட்டம். வறண்ட நாக்கோடு நடந்தோம். கோயிலுக்குள் பீடத்தில் மெழுகுவர்த்தி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம். கடல் மீன் தந்தால் நாங்கள் கோயிலுக்குப் பங்கு வைப்பதுபோல, திராட்சைக் குலைகளையும் பூசணிக்காயையும் படைத்திருந்தார்கள். நம் ஊர் மாதிரியே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் முக்காட்டை இழுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். வாசலில் தீர்த்தத் தொட்டி இல்லை, பூசையில் லத்தீனும் இல்லை. மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அவரிடம் கேட்கலாம் என்றால், அவர் அந்தப் பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் எழுந்து பீடத்தின் முன் முழந்தாளிட, நானும் போனேன். அப்பம் கொடுத்த கையோடு பெண்களுக்கும் கிண்ணத்தில் ரசம் கொடுப்பதைப் பார்த்ததும் பகீரென்றது. பதிதர் கோயில்! புரோட்டஸ்டாண்டுகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே கால் வைத்தாலே பாவம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

நரைத்த பாஸ்டர் என் முன் வந்தார். என் விரல்களில் சுற்றியிருந்த செபமாலையைப் பார்த்தார். "கத்தோலிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். அப்பம் தரவில்லை. என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு நகர்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எனக்கு அழுகை பொங்கியது.

"ஒரு ஞாயித்துக்கிழமைதானளா. மாதா கோவிச்சுக்கிடுவாளா?"

"நீங்க பேசாதிய! நம்ம கோயிலேதான்னு சொன்னது யாரு?"

பாஸ்டர் என்னவென்று விசாரித்தார். கணவர் தன் ஆபீஸ் இங்கிலீஷில் தம்பி கதையைச் சொன்னார். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு இன்னும் நேரமிருக்கிறது, ஏறுங்கள் என்று தன் காரைக் காட்டினார். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம் அது. அறுப்பு விருந்துக்காகச் சபையே காத்திருந்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் நான் கவனித்தேன்.

வழியெல்லாம் எனக்கு மண்டை குடைந்தது.

"பதிதர் சாமி எதுக்கு நம்மளப் பூசைக்குக் கூட்டிட்டுப் போறாரு? கேளுங்க."

"சும்மா வாளா."

"கேளுங்கன்னு சொல்லுதேன்லா!"

தயங்கித் தயங்கிக் கேட்டார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பாஸ்டர் சொன்ன பதிலைக் கணவர் எனக்குச் சொன்னார்: "இப்படி நேர்ந்துக்கிடுறது தப்புன்னுதான் அவுக நெனக்காக. ஆனா தம்பிக்காகக் காத்திருக்கது தப்பில்லையாம்."

பூசை தொடங்கும் மணியடிக்கும்போது உள்ளே நுழைந்தோம். நன்மை வாங்கினேன். வெளியே வந்தால், பாஸ்டர் கோயில் வாசலுக்கு எதிரே வெயிலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரால் உள்ளே வர முடியாது, என்னால் அவர் கிண்ணத்தில் குடிக்க முடியாததுபோல. காரிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். தண்ணீர்கூடக் குடிக்காத எங்கள் ஒருசந்தி அவருக்கு எப்படித் தெரிந்ததோ! பிறகு தம்பியின் பெயரைக் கேட்டார். நாக்குப் புரளாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு தன் கோயிலில் அவனுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

ஊருக்கு வந்து பதிதர் கோயிலுக்குள் போனதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமி ஒரு செபமாலை சொல்லும்படி அபராதம் போட்டார். சொன்னேன். ஆனால் அந்தப் பாஸ்டருக்காக நான் அன்றாடம் வேண்டுவதை மட்டும் சாமியிடம் சொல்லவில்லை. அது பாவம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தம்பி இன்றுவரை வரவில்லை. இனி வரமாட்டான் என்று என் புத்திக்குத் தெரிகிறது. நேர்ச்சையை விடத்தான் மனசு வரவில்லை. ஞாயிறுதோறும் நன்மை வாங்கித் திரும்பும்போது, இந்த நேர்ச்சையில் துளியும் நம்பிக்கையில்லாமலே அதை எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்து, என் தம்பியின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக் கடவுளிடம் கேட்ட ஒருவர் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்தார் என்ற நினைப்புத்தான் எனக்கு ஆறுதல்.