நாற்பத்தாறாம் சுற்று

இரண்டு கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் என் மனைவியின் கூறைப்புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, மூன்று மாதக் குழந்தையை உள்ளே கிடத்தி, முன்முனையை நானும் பின்முனையை அவளுமாகத் தோளில் தாங்கிக் கோயிலைச் சுற்றி வந்தோம். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் எங்கள் ஊரில் அண்ணாமலையாருக்குச் செலுத்தும் வேண்டுதல் அது. ஏழு வருடம் ஏங்கிப் பெற்ற பெண். நாலடிக்கு ஒருதரம் திரும்பி, "கெட்டியாப் புடிடி, சாயுது" என்று அதட்டிக்கொண்டே நடந்தேன். கடைசியில் அவளுக்கே அலுத்துப்போயிற்று. "குடுத்தவரு வாசல்லதான சுத்தறோம், அவரு பாத்துக்க மாட்டாரா? நேராப் பாத்து நடங்க" என்றாள்.

நான் சர்வேயர். மாவட்டம் பிரிந்த புதிதில் ஊரை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் மனை மனையாக அளந்து கல் நட்டவர்களில் ஒருவன். நட்ட கல் நட்டதுதான், யார் வந்து அழுதாலும் நகர்த்த மாட்டேன். அந்தத் திமிரோடுதான் சாமியிடமும் பேசினேன்.

எட்டு வயதில் பெண்ணுக்கு இதயம் வீங்கிவிட்டது. சென்னை வரை தூக்கிக்கொண்டு ஓடினோம். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன் அர்த்தம் என் மனைவிக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நான் புரிந்துகொள்ள மறுத்தேன். நாற்பத்தெட்டு நாள் விடாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறேன், பெண்ணை எனக்கு விட்டுக்கொடு என்று கோபுரத்தின் முன் நின்று பேரம் பேசினேன். ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. பத்தொன்பதாம் நாள் பெரியப்பா செத்துத் தீட்டு வந்தது. காரியம் முடிந்த மறுநாளே ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

"அது உங்களத்தான் தேடுது. வீட்ல ஒக்காருங்களேன்" என்பாள் மனைவி.

"நீ ஒரு வேண்டுதலாவது வச்சியா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"வச்சேன். உன் புள்ள, உன் இஷ்டம், பயப்படாம மட்டும் பாத்துக்கோனு சொல்லிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

நாற்பத்தாறாம் நாள் காலையில் பெண்ணுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. வாசலில் கொஞ்சம் தயங்கினேன். பிறகு கிளம்பிவிட்டேன். அடி அண்ணாமலையைத் தாண்டும்போது என் மச்சினன் வண்டியில் வந்து குறுக்கே நிறுத்தினான். "மாமா, பாப்பாவுக்கு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. அக்கா கையோட கூட்டினு வரச் சொல்லுச்சு. ஏறுங்க."

"இன்னும் ஒரு மணி நேரம்தான்டா. முடிச்சுட்டே வந்துடறேன்."

"இன்னா மாமா பேசறீங்க?"

நான் ஏறவில்லை. இதை இன்றுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. பாதியில் விட்டால் நாற்பத்தைந்து நாளும் வீண், என் கையாலேயே பெண்ணைக் கொன்றதாகிவிடும் என்று அப்போது நிச்சயமாக நம்பினேன். கொப்புளம் உடைந்த காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மச்சினன் கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். பிறகு திரும்பிப் போய்விட்டான். கோபுரத்தின் முன் சுற்றை முடித்து, கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

மூச்சு அடங்கிப் பெண் என் மனைவியின் மடியில் கிடந்தாள். தலை வாரிப் பின்னி விட்டிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பாப்பா பயப்படலீங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்திருந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மீதி இரண்டு நாளை நான் நடக்கவில்லை. மலையோடு வருடக்கணக்கில் சண்டை பிடித்தேன், பிறகு அதற்கும் தெம்பில்லாமல் போயிற்று. இப்போது வேங்கிக்காலில் வீடு. பௌர்ணமியன்று தெருவே மலை சுற்றக் கிளம்பிப் போகும். "நீங்க வரலையா சார்?" என்று கேட்பார்கள். மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருப்பேன். நான் மலையைச் சுற்றித் தேடியவர் அன்றைக்கு அந்த மடியருகில்தான் இருந்தார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. எதுவும் கேட்பதில்லை. அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாகப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்கவே எனக்கு மூன்று வருடமாயிற்று. அதுவரை மனைவியும் சொல்லவில்லை. கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அப்பா எங்கனு கேட்டுது. உனக்காக மலைய சுத்தினு இருக்காருனேன். 'பாவம்மா, கால் வலிக்கும். போதும், வந்து எம்பக்கத்துல ஒக்காரச் சொல்லு'னுச்சு."