இடக்கதவில் y, வலக்கதவில் x

சென்ற வாரம் எங்கள் பச்சைப் பீரோவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். என் மனைவி கலாவின் கல்யாணச் சீர் அது. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு வாங்கி அவளுடைய அப்பா சொல்லிச் செய்தது. அவர் எதையுமே ஒரு சுற்று கனமாகத்தான் செய்வார். இரண்டு ஆட்கள் மூச்சைப் பிடித்துச் சுவரை விட்டு நகர்த்தியதும் பின்னாலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. துரு, பாச்சா உருண்டை, அவற்றுக்கு அடியில் மெல்லிசாகச் சாக்பீஸ்.

துணி வைக்கும் பீரோவில் சாக்பீஸ் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றில் ஏதோ புளிக்கும். பொறாமைக்கென்று ஒரு வாசனை உண்டென்றால் அது சாக்பீஸும் சங்கரா மீனும் கலந்தது. மீனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். எண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த ரசாயனத் தொழிற்சாலையில் மட்டும் அந்தப் பயம் இல்லை. நிற்பதற்கு முதலில் ஓட வேண்டுமே. நானும் பெனடிக்டும் அங்கே இன்ஸ்ட்ருமெண்ட் செக்‌ஷனில் டிப்ளமோக்காரர்கள். பெனடிக்ட் ராயபுரத்துக்காரன், துறைமுகத் தொழிலாளியின் மகன், என்னைவிட நல்ல நிறம், என்னைவிட நல்ல தலைமுடி. இதையெல்லாம் அப்போதே பெருந்தன்மையோடு மன்னித்திருந்தேன். இருவரும் பகுதிநேர பி.இ.யில் சேர்ந்தோம். முதல் செமஸ்டரிலேயே வகைக்கெழுச் சமன்பாடு வழிமறித்து உட்கார்ந்துகொண்டது.

எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் ஒற்றை அறைப் போர்ஷன். வெளியே கன்டெய்னர் லாரி போனால் உள்ளே டம்ளர்கள் பேசிக்கொள்ளும். கலா பி.எஸ்ஸி. கணிதம். கல்யாணத்துக்கு முன் தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுத்தவள். நாங்கள் இருவரும் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வாங்கண்ணா, சொல்லித் தரேன்" என்று பெனடிக்டிடம் சொன்னாள். கரும்பலகைக்கு எங்கே போவது? பீரோதான் பலகை. பச்சைப் பெயின்ட், வழுவழுப்பு, ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும்.

அவளுடைய முறையே அந்தப் பீரோவின் இரண்டு கதவுகளில்தான் நின்றது. dy/dx = xy என்று மேலே குறுக்காக எழுதுவாள். பிறகு சொல்வாள்: "இந்தக் கதவு y வீடு. அந்தக் கதவு x வீடு. நடுவுல இருக்கற இடுக்குதான் சமக்குறி. யார் யார் எந்த வீட்டு ஆளோ அந்தந்த வீட்டுக்கு அனுப்பிடணும். அப்புறம் ரெண்டு வீட்டுலயும் தனித்தனியா தொகையிடலாம். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். எனக்கு அங்கேயே சிக்கியது. dy/dx என்பது பின்னம் அல்ல, ஒரே குறி, மேலே கீழே என்று அதைப் பிரிக்கவே கூடாது என்று பாலிடெக்னிக்கில் மேசையைத் தட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானோ சொன்னதைக் கேட்கிற ஜாதி. போதாக்குறைக்கு எங்கள் தொழிற்சாலைப் பழக்கம் வேறு. அங்கே ஒரு வால்வைத் தொட வேண்டும் என்றாலும் கையெழுத்துப் போட்ட பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஒரு நட்டைத் திருகினாலும் வேலை போய்விடும். அந்த நினைப்பிலேயே கேட்டேன்.

"dy-யையும் dx-ஐயும் பிரிக்க உனக்கு யார் பெர்மிட் குடுத்தது?"

கலா சாக்பீஸோடு திரும்பினாள். "அது பின்னம் இல்லதாங்க. ஆனா இந்த இடத்துல பின்னம் மாதிரி நடந்துக்கும்."

"மாதிரின்னா? நாளைக்கு மாதிரி நடந்துக்கலேன்னா?"

பெனடிக்ட் அதற்குள் எழுந்துவிட்டான். "இன்னா மாமு, இதுக்குப் போயி பேஜாரு பண்ணிகினுகீறே? தங்கச்சி, அந்த சாக்பீஸக் குடும்மா." படகிலிருந்து மீன்கூடையை இறக்குகிற மாதிரி dx-ஐத் தூக்கி வலக்கதவில் போட்டான். y-ஐ இழுத்து dy-க்குக் கீழே இடக்கதவில் வைத்தான். இந்தப் பக்கம் dy/y, அந்தப் பக்கம் x dx. இரண்டையும் தொகையிட்டான். log y ஒரு கதவில், x²/2 இன்னொரு கதவில். கடைசியில், யாரும் சொல்லாமலே, வலக்கதவில் ஒரு C.

கலா சொன்னாள்: "ப்பா!"

அந்த ஒலியை எழுதிக் காட்ட முடியாது. உதடு மூடித் திறக்கும், பாதி மூச்சு வெளியே வரும், புருவம் மேலே போகும். கல்யாணமான நாள் முதல் அப்படி ஒன்று அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

தப்பாக நினைக்காதீர்கள். சினிமாவில் கணவன் சந்தேகப்படுவானே, அந்த ரகம் அல்ல இது. அது கௌரவமான வியாதி, வந்தால் தாடியாவது வளர்க்கலாம். அவன் இவளைத் தங்கச்சி என்றான், இவள் அவனை அண்ணா என்றாள், அவன் என்னை மாமு என்றான். உறவுமுறையில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு ஒலி. அது அவனுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லிக்கொண்டு எந்த நண்பனிடம் போய் அழ முடியும்? இருந்த ஒரே நண்பன் அவன்தான்.

முயற்சி செய்யாமலும் இல்லை. ஒரு நாள் வத்தக்குழம்பு வைத்தேன். "பரவால்ல" என்றாள். லொடலொடத்த மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினேன். "இப்பவும் சத்தம் வருதே" என்றாள். தொழிற்சாலை ஆண்டு மலரில் வந்த என் கவிதையைப் படுக்கையில் விரித்து வைத்தேன். அதன் மேல் முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

பெனடிக்டோ வாராவாரம் மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராக வந்தான். கையில் காசிமேட்டுச் சங்கரா மீன் பொட்டலம். "தங்கச்சிக்கு" என்பான். கலா மசால்வடை சுட்டு வைத்திருப்பாள். மீனுக்கு ஒரு புன்னகை, கணக்குக்கு ஒரு "ப்பா!" நான் பீரோவில் சட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் x வீட்டுக்காரர்கள் மொத்தமாக என் தோளில் வந்து இடிப்பார்கள். என் சட்டைகளில் எப்போதும் அவனுடைய விடையின் சாக்பீஸ் தூள். வெள்ளிக்கிழமை கதவைத் துடைத்துக் கலா மஞ்சள் குங்குமம் வைப்பாள். அதுவும் y கதவுக்குத்தான்.

கடைசியில் எனக்கு ரோஷம் வந்தது. எண்ணூரிலிருந்து வரும் பேருந்தின் சன்னலில் நிலக்கரித் தூசு படிந்திருக்கும். அதில் விரலால் போட்டுப் பார்த்தேன். பெர்மிட் விவகாரமும் மெல்லப் புரிந்தது. கூடாது என்றவரும் சரி, மாதிரி என்றவளும் சரி. பிரிக்க முடிகிற இடம் எது, முடியாத இடம் எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதைப் பார்க்கிற புத்தி பெர்மிட் கேட்டே பழகியவனுக்குத்தான் உண்டு என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு அந்த நம்பிக்கை பலித்தது. கலா பீரோவின் மேல் எழுதினாள்: dy/dx = x + y. எழுதிவிட்டு வடைச் சட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பெனடிக்ட் வழக்கம்போல் பாய்ந்தான். "y-ஐ இந்தாண்ட இஸ்துக்கோ, x அந்தாண்ட..." இடக்கதவில் dy/y. வலக்கதவில் x dx.

"நிறுத்துடா," என்றேன். "இதுக்குப் பெர்மிட் இல்ல."

"இன்னா மாமு, மறுபடியும் ஆரமிச்சிட்டியா?"

"நடுவுல இருக்கறது கூட்டல். y-ஆல வகுத்தா அது x-க்குக் கீழயும் போய் உக்காந்துக்கும். இத இந்த முறையில பிரிக்கவே முடியாது."

உங்களுக்காக ஒரு வரி: xy என்றால் இரண்டு பேர் கைகோத்து நிற்கிறார்கள், கையை விடுவித்து அவரவர் வீட்டுக்கு அனுப்பலாம். x + y என்றால் பிசைந்த சோறு, அதிலிருந்து குழம்பைத் தனியே எடுக்க முடியாது. நானே அந்த நேரத்தில் யோசித்துச் சொன்ன உவமை. சாக்பீஸை வாங்கிக் கதவைத் தட்டித் தட்டி விளக்கினேன். லாரி ஒன்று போய் டம்ளர்கள்கூடக் கைதட்டின. பிறகு கலாவைப் பார்த்தேன்.

அவள் வடையைத் திருப்பிப் போட்டாள். "ம். சரி. அது வேற முறை, அடுத்த பாடத்துல வரும்."

ம். சரி.

"ப்பா!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். பெனடிக்ட். புருவமெல்லாம் மேலே போயிருந்தது. "மாமு, இன்னாமா புட்சே! நான் பாட்டுக்கு பிச்சி எறிஞ்சிருப்பேன்." கபடமே இல்லாத முகம். எவனுக்குக் கிடைத்ததென்று நான் எரிந்துகொண்டிருந்தேனோ அவனே அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறான். விலாசம் தவறி வந்த மணியார்டர் மாதிரி. வாங்கவும் மனமில்லை, திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

தேர்வில் இருவரும் தேறினோம். அவனுக்கு என்னைவிட அதிகம். பட்டம் வாங்கிய கையோடு அவன் வளைகுடாவுக்குப் போனான். அதற்கும் கொஞ்ச நாள் புளித்தது. பீரோவில் எழுதுவது நின்றது. பிறகு வந்த வீடுகளில் அது வெறும் பீரோவாகவே நின்றது.

சென்ற வாரம் வாசலில் அந்த ஆட்கள் கீல்களைக் கழற்றினார்கள். இரண்டு கதவுகளையும் பிரித்து, முகத்தோடு முகம் வைத்து, கயிறு போட்டு மீன்பாடி வண்டியில் கட்டினார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் மனம் கேட்காமல் பெனடிக்டுக்குப் போன் போட்டேன்.

"பச்சைப் பீரோவைப் போட்டாச்சுடா."

"எந்தப் பீரோ மாமு?"

"கலா கணக்கு சொல்லிக் குடுத்தாளே. y கதவு, x கதவு."

"கணக்கா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது? தங்கச்சி மசால்வட சுடும் பாரு, அது ஞாபகம் கீது. ப்பா!"

போனை வைத்துவிட்டேன். இவனிடம் நான் பொறாமைப்பட்டதெல்லாம் இவனிடமே மிச்சமில்லை. எண்ணூரில் அந்தத் தொழிற்சாலையும் இல்லை. அதன் இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சன்னலில் விரலால் கணக்குப் போட அந்தப் பேருந்தும் இப்போது ஓடுவதில்லை. எல்லாம் போனபின் என்னிடம் மட்டும் புளிப்பு பத்திரமாக இருந்தது.

உள்ளே போனேன். கலா அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும், பழைய சுண்ணாம்பு நிறத்தில், ஆளுயரத்துக்கு. அவள் இரண்டு கைகளையும் விரித்து அளந்து பார்த்தாள். உதடு மூடித் திறந்தது, பாதி மூச்சு வெளியே வந்தது, புருவம் மேலே போனது.

"ப்பா! எவ்ளோ எடங்க!"

எத்தனையோ வருடம் கழித்து அது எங்கள் வீட்டில் மறுபடி ஒலித்தது. கிடைத்தது சுவருக்கு. அது ஒரு கணக்கும் போடவில்லை, மீனும் வாங்கி வரவில்லை. சும்மா காலியாக நின்றது, அவ்வளவுதான்.