கடலைப் பார்த்துவந்த குடம்

மஞ்சள் பிளாஸ்டிக் குடம். கழுத்தில் அடையாளத்துக்கு நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு. ஏழெட்டு வருடமாக மாமா வீட்டுப் பரணில் கவிழ்ந்தே கிடந்தது. தண்ணீருக்கு நாய்படாத பாடு படுகிற எங்கள் திருவாடானைப் பக்கத்து ஊரில், ஓட்டையில்லாத ஒரு குடம் சும்மா கிடக்கிறதென்றால் அந்த வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அது மாமாவின் மூத்த மகளுடையது. அவளும் நானும் ஒரே வகுப்பு. ஒன்பதாவது முடித்த கோடையில், உச்சிப்புளிப் பக்கம் கடற்கரையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு முகாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பத்துப் பேருக்குச் சமைக்க, காயத்துக்குக் கட்டுப்போட, நாலு பேர் முன்னால் வாய்திறந்து பேச, தண்ணீருக்குப் பயப்படாமல் இருக்கப் பழக்குவார்களாம். தட்டு, போர்வை, பிளாஸ்டிக் குடம் கொண்டுவர வேண்டும். அவள் சந்தையில் அடம்பிடித்து மஞ்சள் குடமாகப் பார்த்து வாங்கினாள். புறப்படுவதற்கு முந்தின நாள் மாமா ஒரே போடாகப் போட்டார். "சமைஞ்ச புள்ளைய எவனாச்சும் கடக்கரைக்கு அனுப்புவானா? பேசாம கெட." எங்கள் அய்யாவும் அதையேதான் சொன்னார். அம்மா மல்லுக்கு நின்று என்னை அனுப்பினாள். பஸ் ஏறும்போது மாமா மகள் ஓடிவந்து குடத்தை என் கையில் திணித்தாள். "நாந்தான் போகல. என் கொடமாச்சும் கடலப் பாத்துட்டு வரட்டும்டி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

முகாமில் எங்களைப் பழக்கியது ஒரு கடற்கரை ஊர்க்கார அக்கா. மண்டையில் அடித்த மாதிரி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "முழுகுறவ கையில உன் கையக் குடுக்காத. ரெண்டு பேரும் போவீக. கரையில நில்லு, எதையாச்சும் வீசு." வெறுங்குடத்தின் கழுத்தில் சேலையை முடிந்து, வீசி, இழுத்துப் பழகினோம். எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் ஊரில் முழுகுவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது! ஊர் திரும்பி மாமா மகளிடம் குடத்தைக் கொடுத்து, எல்லாம் செய்து காட்டினேன். ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் முகத்தைச் சுளித்தாள். "ஒருத்தி முழுகுனா நீ நின்னு வேடிக்கை பாப்பியாக்கும்? போடி."

அந்த வருடம் கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. கோடையில் யாரோ எந்திரம் வைத்து மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் மறைந்துபோனது. எங்கள் ஊரில் யாருக்கும் நீந்தத் தெரியாது. கைகோத்து இறங்கினால் ஒன்றும் ஆகாது என்பதுதான் எங்கள் நீச்சல். அவளும் நானும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம், அவள் கொண்டுவந்த மஞ்சள் குடம் பக்கத்தில் இருந்தது. அவள் தங்கை, சின்னப்பிள்ளை, தண்ணீருக்குள் விளையாடிக்கொண்டே போனவள் சட்டென்று காணாமல் போனாள். "ஐயோ பாப்பா!" என்று மாமா மகள் பாய்ந்தாள். கழுத்தளவு போனதும் திரும்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "கையக் குடுடி!"

நான் கொடுக்கவில்லை. துவைத்த சேலையைக் குடத்தின் கழுத்தில் முடிந்துகொண்டிருந்தேன். நான் வீசியபோது அவள் முழுகியிருந்தாள். அடியிலிருந்து தங்கையை மேலே தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளை குடத்தைக் கட்டிக்கொண்டது, இழுத்துப் போட்டேன். மறுபடி வீசினேன். கத்திக்கொண்டே வீசினேன். குடம் தனியாகத்தான் திரும்பி வந்தது.

கூடக் குதிக்காமல் நின்று பார்த்தவள் என்று ஊரே என்னைப் பேசியது. அடப்பாவிகளா, நானும் குதித்திருந்தால் மூன்று பாடை கட்டியிருப்பீர்கள். பள்ளம் தோண்டியவனை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை. மாமா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டார். அம்மாவுக்குப் பொங்கல் சீரைக்கூட வேறு ஆளிடம்தான் கொடுத்தனுப்பினார். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, இன்றைக்கும் யாராவது சாதாரணமாகக் கை நீட்டினால் என் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.

இப்போது இராமநாதபுரத்தில் துணிக்கடையில் வேலை. கோடையில் லீவு போட்டு அந்த முகாமுக்கே போகிறேன், பிள்ளைகளுக்குக் குடம் வீசப் பழக்க. இந்த வருடம் புறப்படுகிற அன்று காலையில் வாசலில் மாமா நின்றார். பின்னால் பையோடு அவர் சின்ன மகள். ஒன்பதாவது முடித்திருந்தாள், அக்காவின் அதே முகம். மாமா கையில் அந்த மஞ்சள் குடம், தூசி தட்டித் துடைத்திருந்தது.

அம்மா உள்ளே வரச் சொன்னாள். அவர் வரவில்லை. குடத்தை என்னிடம் நீட்டினார்.

"ஆத்தா, இவளுக்கும் அதச் சொல்லிக்குடு."

"எத மாமா?"

அத்தனை வருடம் கழித்து அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"குதிக்காம நிக்கிறத."