ஜாம் போத்தலில் வளர்ந்த மீன்கள்

மேனுகாவுக்குக் கோபம் வந்தால் தண்ணீர் ஊற்றப் போய்விடுவாள். நாலாவது மாடிப் படியேறி, மொட்டை மாடிக் குழாயைத் திறந்து, வாளியை நிரப்பி, மிளகாய்க் கன்றிலிருந்து தொடங்கி வரிசையாக ஊற்றிக்கொண்டு வருவாள். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் அந்தத் தொடர்மாடியில் அயலவர்களுக்குக் குறைவில்லை. ஆகவே கோபத்துக்கும் குறைவில்லை. தோட்டம் அப்படிச் செழித்ததற்கு உரம் காரணமே இல்லை, மனிதர்கள்தான் காரணம் என்று அவளுடைய கணவன் பிரசாந் சொல்வான். அப்படிச் சொன்ன நாளில் பயற்றங்கொடிக்கு இரண்டாம் தடவையும் தண்ணீர் கிடைக்கும்.

பெயின்ற் வாளியில் கறிவேப்பிலை, ஐஸ்கிரீம் டப்பாக்களில் வல்லாரை, யாரோ கைவிட்ட குளியல் தொட்டியில் கத்தரி. தண்ணீர்த் தாங்கியின் நிழலில் ஒரு பாய். அந்தப் பாய்தான் பள்ளிக்கூடம். படிக்கிறவர்கள் இரண்டு பேர், எட்டு வயது ஆரணியும் ஐந்து வயது மிதுஷனும். படிப்பிக்கிறவள் ஒருத்தி. மேனுகா வங்கியில் நல்ல வேலையில் இருந்தவள். பாடசாலை முடிந்து, ரியூசன் முடிந்து, அந்த ரியூசனுக்கு இன்னொரு ரியூசனும் முடிந்து வந்த ஆரணி, ஒருநாள் பாடசாலை வானுக்குள்ளேயே நித்திரையாகிப்போய் ஹெவ்லொக் டவுன் முழுவதும் சுற்றித் திரும்பி வந்தாள். அன்றைக்கு மேனுகா ஊற்றிய தண்ணீர் படியால் வழிந்து முதலாம் மாடிவரை போனது. அடுத்த மாதம் வங்கி வேலையை விட்டாள். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கப் போவதாக அறிவித்தாள்.

அதற்குப் பிறகு தொடர்மாடியில் எல்லோரும் கல்வி நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். எல்லோருக்கும் மேலே நின்றவர் இரண்டாம் மாடி ஸ்ரீஸ்கந்தராசா. அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தொடர்மாடிக் கமிட்டியின் தலைவர். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மனைவி கனடா போயிருந்ததால் வீட்டில் தனி ஆள். அதிகாரம் செய்ய வீட்டில் யாரும் இல்லாத மனிதர் ஊரைத்தானே பிடிப்பார்?

"பிள்ளை, எல்லாம் சரி. சிங்களம் ஆர் சொல்லிக்குடுக்கிறது?" என்று படியில் மறித்துக் கேட்பார். "நாளைக்கு ஒரு கந்தோர் வாசலில போய் நிண்டா, உம்மட பிள்ளையள் வாயைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கப்போகுதுகள்!"

"பாப்பம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மேனுகா மேலே போய்த் தண்ணீர் ஊற்றுவாள்.

அவருக்குப் படிப்பைவிடப் பூச்சாடிகள்தான் பெரிய உறுத்தல். ஒழுங்கையில் இரண்டு பேருக்கு டெங்கு வந்ததும் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. கமிட்டியைக் கூட்டினார். மேலே அவ்வளவு சாடி இருக்கிறது, அவ்வளவிலும் தண்ணீர் இருக்கிறது, பிறகு நுளம்பு எங்கிருந்து வரும் என்று கேட்டார். மேனுகா எழும்பி நின்றாள். கோபம் வந்த இடத்தில் கையெட்டும் தூரத்தில் வாளி இல்லாதது அவளுடைய கெட்ட காலம்.

"நான் ஒவ்வொரு நாளும் காலமை சாடித் தட்டெல்லாம் கவிட்டுத் துடைக்கிறனான். மேல ஒரு நுளம்புக் குடம்பி காட்டுங்கோ பாப்பம். ஒண்டே ஒண்டு! காட்டினா அவ்வளவு சாடியையும் நானே கீழ இறக்கிறன்."

"எல்லாரும் கேட்டனீங்கள்தானே?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவருடைய முகத்தில் கலியாண வீட்டுக் களை வந்துவிட்டது.

பிரசாந் இரவுச் சாப்பாட்டில் தலையில் கை வைத்தான். "நீர் ஏன் உப்பிடி வாயைக் குடுக்கிறனீர்? மேல இடம் போனா பிள்ளையள் ஸ்கூலுக்குத்தான். இந்த ரெண்டு அறைக்குள்ள இதுகளை நாள் முழுக்க வைச்சிருக்க ஏலுமே?" என்றான்.

ஏலாது என்று மேனுகாவுக்கும் தெரியும். மழை பெய்த ஒருநாள் வீட்டுக்குள் வகுப்பு வைத்துப் பார்த்திருக்கிறாள். மதியத்துக்குள் மிதுஷன் யன்னல் திரையில் தொங்கி, திரையோடு கம்பியும் வந்து, கம்பியோடு சுவரில் ஒரு துண்டும் வந்தது. மாடி போனால் பள்ளிக்கூடம் போகும். பள்ளிக்கூடம் போனால் ஆரணி மறுபடியும் வானுக்குள் நித்திரை கொள்ளும் பிள்ளையாகிவிடுவாள்.

ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தாள். பிள்ளைகளையும் படையில் சேர்த்தாள். நுளம்பின் வாழ்க்கையையே ஒரு பாடமாக்கி, முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நுளம்பு என்று கரும்பலகையில் கீறினாள். குடம்பி தலைகீழாகத் தொங்கும், வாலால் மூச்சு விடும் என்று சொன்னபோது மிதுஷன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மாதக்கணக்காக மீன் தொட்டி கேட்டு அழுதுகொண்டிருந்த பிள்ளை அவன். தண்ணீர் நின்றால் நுளம்பு வரும் என்று சொல்லி அவள் மறுத்து வந்தாள். அன்றைக்குப் பாடம் முடிந்த பிறகு அவன் மீன் கேட்பதை நிறுத்திவிட்டான். தன்னுடைய கற்பித்தல் திறமையை நினைத்து மேனுகா பூரித்துப்போனாள். அடம்பிடிக்கிற பிள்ளை திடீரென்று அடங்கினால் ஒரு தாய் செய்ய வேண்டியது பூரிப்பதல்ல, தேடுவது. அது அவளுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு ஏற்பாடும் செய்தாள். தோட்டத்தில் முதலில் காய்ப்பது எதுவோ அது இரண்டாம் மாடிக்குப் போகும். பிரசாந் அதை லஞ்சம் என்றான், அவள் மரியாதை என்றாள். பயற்றங்காய்க் கட்டோடு பிள்ளைகளை அனுப்புவாள். போனவர்கள் திரும்பி வர வரவர நேரமாகியது.

"என்ன இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"என்ர போளை உருண்டு போட்டுது அம்மா" என்றான் மிதுஷன். கண்ணாடிப் போளை விளையாடுகிற பிள்ளைக்குப் போளை உருளத்தானே செய்யும்? அவளும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உதவியாளர் ஒருவரோடு தொடர்மாடிக்கு வந்தார். சிங்களவர். தமிழ் அறவே தெரியாது. கூட்டிக்கொண்டு வந்தவர் ஸ்ரீஸ்கந்தராசா. வெள்ளைச் சேட் போட்டு, சென்ற் பூசி, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வந்தார். மற்ற வீடுகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் மேலே போவோம் என்று அவரே சொன்னதாகக் காவலாளி இராமர் பிறகு சொன்னார்.

பரிசோதகர் சாடி சாடியாகப் பார்த்தார். குளியல் தொட்டியின் அடியில் டோர்ச் அடித்தார். தாங்கியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தன. நல்ல தோட்டம் என்று சிங்களத்தில் மேனுகாவைப் பாராட்டினார். மேனுகா அடக்கமாகச் சிரிக்க முயன்றாள், அடக்கம் வரவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் கழுவிய சட்டியைப்போல வெறுமையாகிவிட்டது.

அப்போது உதவியாளர் கறிவேப்பிலை வாளிக்குப் பின்னால் கிடந்த சாக்கைத் தூக்கினார். அதன் கீழே ஒரு ஜாம் போத்தல். போத்தலில் தண்ணீர். தண்ணீரில் குடம்பிகள், ஒரு கூட்டமே, தலைகீழாகத் தொங்கியபடி.

"ஐயோ, என்ர மீன்!" என்று மிதுஷன் பாயிலிருந்து பாய்ந்து வந்தான்.

மேனுகாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகை வந்தது. தன் வாயால் தானே சொன்ன வார்த்தை. தன் பிள்ளையின் கையாலேயே எல்லாம் போய்விட்டதே.

"ஒண்டு கேட்டீர் பிள்ளை, ஒரு ஊரே இருக்குது" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. சந்தோசத்தை மறைக்க அவர் கஷ்டப்படவும் இல்லை.

ஆரணி முன்னால் வந்தாள். ஆசிரியைக்குத் தப்பாத பிள்ளை. "நுளம்பு வெளியில வராது. இஞ்ச பாருங்கோ, நெற் துணி போட்டு றப்பர்பான்ட் கட்டியிருக்கு. கூட்டுப்புழு ஆனோண்ண வெயிலுக்க ஊத்திப்போட்டு வேற பிடிப்பம். இதில இருக்கிற குண்டருக்கு ஸ்ரீ அங்கிள் எண்டு பேர். அவர் ஒரு வேலையும் செய்யிறேல்ல, மற்றவையை இடிச்சுக்கொண்டு திரிவார்" என்று விளக்கினாள்.

பரிசோதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் துணியையும் றப்பர்பான்டையும் உற்றுப் பார்த்தார். இந்தக் குடம்பிகள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லும்படி ஸ்ரீஸ்கந்தராசாவிடம் சிங்களத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் பதவி தானாகத் தேடி வந்ததில் ஸ்ரீஸ்கந்தராசா நிமிர்ந்தார்.

"பிள்ளை, பயப்பிடாமல் சொல்லும். உது எங்க எடுத்தது?"

"உங்கட வீட்டிலதான் அங்கிள்" என்றாள் ஆரணி. "பிரிட்ஜுக்குப் பின்னால ஒரு தட்டில தண்ணி நிக்குதே, அதில. போளை எடுக்கப் போன நேரம் தம்பிதான் கண்டவன்."

ஸ்ரீஸ்கந்தராசா கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு பரிசோதகர் பக்கம் திரும்பி, மிகவும் சுத்தமான சிங்களத்தில், ஒழுங்கையில் ஓடும் கழிவுநீர்க் கானிலிருந்து எடுத்தார்களாம் என்று மொழிபெயர்த்தார்.

மேனுகாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வாயைத் திறந்தாள். அதற்குள் மிதுஷன் பரிசோதகரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நே அய்யே, காணுவென் நெவெயி" என்றான். கானிலிருந்து இல்லை அண்ணே என்று திருத்தியவன், விலாசத்தையும் கொடுத்தான். "அங்கிள்கே கெதர ஃபிரிஜ் எக பிட்டிபஸ்ஸே!"

அங்கிள் வீட்டுப் பிரிட்ஜுக்குப் பின்னால். பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் பாண் விற்க வரும் சூன் பான் ஓட்டோக்காரரிடம் அவன் நாள்தோறும் நின்று பணிஸுக்குச் சிங்களத்தில் பேரம் பேசுவான். அரச உத்தியோகத்தரை அய்யே என்று கூப்பிடக்கூடாது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பரிசோதகர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்து, உங்கள் வீட்டுக்குப் போவோமா என்று கேட்டார்.

கீழே பிரிட்ஜை இழுத்தார்கள். தட்டைக் கழற்றினார்கள். உள்ளே மிதுஷனின் மீன்பண்ணை. பரிசோதகர் நெடுநேரம் பேசினார். ஸ்ரீஸ்கந்தராசா 'மஹத்தயா, மஹத்தயா' என்று ஐயா போட்டதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இம்முறை எச்சரிக்கையோடு விடுகிறேன், அடுத்தமுறை நீதிமன்றம் என்றார் பரிசோதகர். போத்தலை வெயிலில் ஊற்றச் சொன்னார். தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீ அங்கிள் என்ற குண்டர் சீமெந்துத் தரையில் காய்ந்தபோது மிதுஷன் விம்மி விம்மி அழுதான்.

பின்னேரம் மேனுகா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கோபத்தால் அல்ல, வெற்றியால். படியில் செருமல் சத்தம் கேட்டது. ஸ்ரீஸ்கந்தராசா.

"பிள்ளை, நீர் ஒரு வார்த்தை குடுத்தனீர். மேல குடம்பி பிடிபட்டது பிடிபட்டதுதானே" என்றார். காலையில் இருந்த மிடுக்கு குரலில் இல்லை.

"பிடிபட்டது உங்கட வீட்டுக் குடம்பி அங்கிள். இஞ்ச விருந்துக்கு வந்து நிண்டது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் குளியல் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "சரி. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில என்ர பிரிட்ஜ் கதை எழும்பாட்டி, உம்மட சாடிக் கதையும் எழும்பாது. என்ன?"

மாடி தப்பியது. மேனுகா அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வென்றவள் வாய் சும்மா இருக்குமா?

"ஓம் அங்கிள், எழும்பாது. ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. பிரிட்ஜ் தட்டு எண்டது கிழமைக்கு ஒருக்கா கழுவ வேண்டிய சாமான். ஒரு வீட்டில அதைக்கூடப் பாக்காம இருந்தா, ஊருக்குப் புத்தி சொல்லி என்ன பிரயோசனம்? முதல்ல தன்ர வீடு..."

"அம்மா" என்றான் பாயில் படுத்திருந்த மிதுஷன். "எங்கட பிரிட்ஜில இருக்கிற மீன் அங்கிள்ட மீனைவிடப் பெரிசு."

வாளி மேனுகாவின் கையில் அப்படியே நின்றது.

"முதல் போத்தல் அங்கதான் பிடிச்சனாங்கள்" என்று ஆரணி உறுதிப்படுத்தினாள். "தட்டுக்க இன்னும் நிறைய நிக்குது."

"அதை ஏன் காலமை சொல்லேல்ல?" என்றாள் மேனுகா.

"அவர் இந்தப் போத்தலைத்தானே கேட்டவர்? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவேணும் எண்டு நீங்கதானே அம்மா படிப்பிச்சனீங்கள்."

மேனுகா ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். அவள் தொடங்கி வைத்த புத்திமதியின் மிச்சத்தை அவர் சொல்லி முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நாக்கு நுனிவரை அது வந்துகூட இருக்கும். அவர் எழும்பி, வெள்ளைச் சேட்டின் கையை மடித்துவிட்டார்.

"வாரும் பிள்ளை. பிரசாந் வரமுதல் இழுத்துத் துடைச்சுப்போடுவம். ஒரு பக்கம் நான் பிடிக்கிறன்."

இருவரும் படியிறங்கினார்கள். அவர்களை இடித்துக்கொண்டு, வெறும் ஜாம் போத்தலோடு மிதுஷன் முன்னால் ஓடினான்.